நனைந்து காய்ந்த விதை

ஆவணி கடைசியில் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வயல்கள் விசித்திரமாகத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் உழுது போட்ட புழுதி. கண்மாய்க்குள் ஆடு மேயும். வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. பார்க்கிறவர்கள் தரிசு என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால், அந்தப் புழுதிக்குள் நெல் விதை ஏற்கெனவே விழுந்திருக்கும். ஏக்கருக்கு 30, 40 கிலோ விதையைக் காய்ந்த மண்ணில் வீசி, மேலோட்டமாக ஒரு உழவு ஓட்டி மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்று இதற்குப் பெயர். ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் மானாவாரி நெல் என்றால் பெரும்பாலும் இந்த முறைதான்.

காவிரிப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் துணிச்சலாகவே படும். அங்கே விதையை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததைக் கண்ணால் கண்ட பிறகே நாற்றங்காலில் தூவுவார்கள். ராமநாதபுரத்தில் ஊறவைக்கிற வேலையும் முளைக்கவைக்கிற வேலையும் மழையுடையது. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டுகிற மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. தொடங்கிய பிறகு உழலாம் என்று காத்திருந்தால் களிமண் நிலத்தில் மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அதனால்தான் விதை முன்கூட்டியே உள்ளே போய்விடுகிறது.

சிக்கல் வருவது புரட்டாசியில். ஒரு சாயங்காலம் இடி இடித்து ஒரு மணி நேரம் பெய்யும். மண் வாசனை கிளம்பும், ஊரே சந்தோஷப்படும். மறுநாள் காலையில் வெயில். அடுத்த நாளும் வெயில். பத்து நாள் கழித்து நல்ல மழை வரும்போது ஒரு வயலில் பயிர் பாய் விரித்தது போல எழும். பக்கத்து வயலில் திட்டுத் திட்டாக நிற்கும். விதை ஒன்று, மழை ஒன்று, மண்ணும் ஒன்றுதான். ‘விதை சரியில்லை’ என்று விதை கொடுத்தவர் மேல் கோபம் திரும்பும். சில சமயம் அந்தக் கோபம் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால், பல வயல்களில் விஷயம் வேறு. அந்தப் பத்து நாள் இடைவெளியில் விதை எந்தக் கட்டத்தில் இருக்கும்போது ஈரம் போனது என்பதைப் பொறுத்தே அதன் பிழைப்பு இருக்கிறது. அந்தக் கணக்கு சில மணி நேரங்களில் முடிந்துவிடுகிறது.

மூன்று கட்டம்

நன்றாகக் காயவைத்துச் சேமித்த நெல்லில் ஈரப்பதம் 12, 13 சதவிகிதம் இருக்கும். அதில் தண்ணீர் பட்டதும் முதலில் நடப்பது வெறும் உறிஞ்சல். காய்ந்த துணி தண்ணீரை இழுப்பது போலத்தான். இதற்கு உயிர் தேவையே இல்லை. செத்த விதையும் இதே வேகத்தில் குடித்து இதே அளவு உப்பும். ஊறி உப்பிவிட்டது என்பதை வைத்து விதை நல்லது என்று முடிவுசெய்ய முடியாது. இந்தக் கட்டத்தில் செல்களைச் சுற்றியுள்ள சவ்வுகள் இன்னும் சரியாக ஒன்றுசேர்ந்திருக்காது. அதனால் உள்ளே இருக்கும் சர்க்கரையும் உப்புகளும் கொஞ்சம் வெளியே கசியும். விதை ஊறிய தண்ணீர் நிறம் மாறிப் பிசுபிசுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு ஒரு அமைதி. மணிக்கு மணி எடை போட்டுப் பார்த்தால் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். உண்மையில் விதையின் வாழ்க்கையில் மிகவும் சுறுசுறுப்பான நேரம் இதுதான். மூட்டையில் கிடந்த மாதங்களில் அறுந்துபோன மரபணு இழைகள் ஒட்டவைக்கப்படுகின்றன. செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுது நீக்கப்பட்டு வேலைக்குத் திரும்புகின்றன. போன பருவத்தில் தாய்ச் செடியில் இருக்கும்போதே எழுதிவைக்கப்பட்ட உத்தரவுகளைப் படித்துப் புதிய புரதங்கள் தயாராகின்றன. கருவிலிருந்து கிளம்பும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன், மாவுப் பகுதியைச் சுற்றியிருக்கும் அடுக்கைத் தட்டி எழுப்பும். அங்கிருந்து அமைலேஸ் என்ற நொதி சுரந்து மாவைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும்.

மூன்றாவது கட்டத்தில்தான் வேர் நுனி உமியைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. நெல்லுக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. மண்ணில் காற்றோட்டம் இருந்தால் வேர் முன்னால் வரும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் வேரை நிறுத்திவைத்துவிட்டு, காற்றைத் தேடிக் குருத்தை மேலே அனுப்பும். மற்ற தானியங்கள் பெரும்பாலும் இந்த நிலையில் அழுகிப்போகும்.

இந்த இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. வேர் வெளியே வருவதற்கு முன்னால் ஈரம் போய்விட்டால் விதை அப்படியே திரும்பிப் படுத்துக்கொள்ளும். மறுபடி மழை வந்தால் மறுபடி எழும். வேர் நீண்ட பிறகு ஈரம் போனால் திரும்புவதற்கு வழி அடைபட்டுவிடும்.

ஏன் இப்படி? கதிரில் முற்றும்போதே விதை ஒரு முறை காய்ந்து பழகியிருக்கிறது. அப்போது தாய்ச் செடி அதற்குச் சில பாதுகாப்புகளைக் கட்டிக்கொடுக்கிறது. தண்ணீர் போன இடத்தை நிரப்பும் சர்க்கரைகள், புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடாமல் தாங்கும் சிறப்புப் புரதங்கள் என்று பல. இந்தச் சிறப்புப் புரதங்களை முதலில் அடையாளம் கண்டது பருத்தி விதையில், அமெரிக்க விஞ்ஞானி லியோன் டூரின் குழு 1981-ல் அதை வெளியிட்டது. விதை முளைக்கத் தீர்மானித்துவிட்டால் இந்தப் பாதுகாப்புகளைத் தானே கரைத்துச் செலவழித்துவிடும். செல்கள் நீண்டு, உள்ளே தண்ணீர்ப் பைகள் பெருத்துவிடும். அப்படிப்பட்ட செல் காய்ந்தால், காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிழியும். முதலில் சாவது வேர் நுனி. குருத்து அதைவிடக் கொஞ்சம் நேரம் தாக்குப் பிடிக்கும்.

பயப்பட வேண்டிய மழை

இதைப் புரிந்துகொண்டால் புரட்டாசி மழையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டர் பெய்தாலே அது ஒரு மழை நாள். காய்ந்த களிமண்ணில் அது புழுதியை அடக்கும், அவ்வளவுதான். விதைக்குப் போய்ச் சேரவே சேராது. அதனால் ஆபத்தும் இல்லை. 40, 50 மில்லிமீட்டர் ஒரே மூச்சில் பெய்தால் ஈரம் ஆழமாக இறங்கிவிடும். வேர் கீழே நோக்கி ஓடி அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மேல்மண் காய்ந்தாலும் சில நாள் சமாளிக்கும்.

இரண்டுக்கும் நடுவில் பெய்கிற மழைதான் விதையை ஏமாற்றுகிற மழை. 10 மில்லிமீட்டர் என்றால் காய்ந்த களிமண்ணில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இறங்கினாலே அதிகம். அந்த ஆழத்துக்குள் கிடக்கிற விதை வேர் விடுவதற்குப் போதுமான ஈரம் உண்டு, விட்ட வேரைக் காப்பாற்றப் போதுமான ஈரம் இல்லை. புரட்டாசி வெயில் மேலிருந்து மண்ணைக் காயவைத்துக்கொண்டே கீழே இறங்கும், வேரும் கீழே இறங்கும். இரண்டில் எது முந்துகிறது என்ற ஓட்டப்பந்தயம் அது.

கையால் வீசி விதைக்கும்போது விதைகள் எல்லாம் ஒரே ஆழத்தில் விழுவதில்லை. சில மேலாக, சில ஐந்து சென்டிமீட்டருக்கும் கீழே. இதை ஒழுங்கின்மை என்று குறை சொல்வதுண்டு. ஆனால், ஏமாற்று மழையில் மேல் விதை பலியாகும்போது அடி விதை தூங்கிக்கொண்டே தப்பிக்கிறது. ஏக்கருக்கு 30 கிலோ போதும் என்று பரிந்துரை இருந்தும் பலர் கூடுதலாக வீசுவது அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதில் பல தலைமுறை மழையைப் பார்த்த முன்ஜாக்கிரதையும் இருக்கிறது. விதை விலைதான் அந்த முன்ஜாக்கிரதையை இப்போது கட்டுப்படியாகாமல் செய்கிறது.

கரிசல் காட்டில் பருவமழைக்கு முன்னால் சோளம் விதைக்கிறவர்களுக்கு, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த ஆழத்துக்கு ஈரம் போக வேண்டுமென்றால் நம்பகமான மழை பெய்திருக்க வேண்டும். ஆழம், விதைக்குக் காவல்காரன் வேலை பார்க்கிறது. சிறிய மழையை அது உள்ளே விடாது. நெல்லை மிகவும் ஆழத்தில் போட்டால் குருத்து மேலே வரத் திணறும் என்பதால் அங்கே இந்தக் காவலை ஓரளவுக்குத்தான் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

வேர் விட்டுக் காய்ந்த விதை அத்தனையும் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. புல் குடும்பத்துக்கு ஒரு மறுவாய்ப்பு உண்டு. முதல் வேர் கருகினாலும் குருத்தின் அடியில் இருக்கும் வளர்நுனி உயிரோடு இருந்தால், அடுத்த மழையில் அடிக்கணுவிலிருந்து புதிய வேர்கள் கிளம்பும். கோதுமையிலும் நெல்லிலும் இதைப் பார்க்கலாம். வேர் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். விரல் கணு அளவுக்கு நீண்டு, குருத்தும் கிளம்பிவிட்டிருந்தால் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் உள்ளே இருக்கும் மாவு கொஞ்சம் செலவாகிறது. அந்தக் கையிருப்பு மறுபடி நிரம்பாது. அப்படி இரண்டாம் முறை எழுகிற நாற்று வெளிறி, மெலிந்துதான் வரும். அதற்குள் மழையும் வெயிலும் சேர்ந்து மேல்மண்ணை ஓடாக இறுக்கியிருக்கும். அந்த ஓட்டை உடைக்கிற தெம்பு மெலிந்த குருத்துக்கு இருக்காது. கோரைக்கும் புல்லுக்கும் கொண்டாட்டம்.

வீட்டுத் திண்ணையில் ஒரு ஒத்திகை

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால் விதை கெடாது என்பதோடு விஷயம் முடிவதில்லை. இரண்டாவது கட்டத்தில் நடந்த பழுதுபார்ப்பு வேலைகளில் பெரும்பகுதி, காய்ந்த பிறகும் அப்படியே நிற்கிறது. அடுத்த முறை தண்ணீர் பட்டால் விதை முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், விட்ட இடத்தை ஒட்டித் தொடங்குகிறது. அதனால் வேகமாகவும், எல்லாம் ஒன்றுபோலவும் முளைக்கிறது.

இதைத்தான் விதைக் கடினப்படுத்துதல் என்கிறார்கள். 1930-களிலேயே சோவியத் தாவர உடலியல் அறிஞர் கென்கெல், கோதுமை விதையை நனைத்துக் காயவைத்து விதைக்கும் முறையை முன்வைத்தார். அப்படி விதைத்த பயிர் கடைசிவரை வறட்சியைத் தாங்கும் என்பது அவருடைய வாதம். மற்ற நாடுகளில் செய்துபார்த்தவர்களுக்குச் சில இடங்களில் பலன் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. இன்றைக்கும் விதைப் பைகளில் ‘வறட்சியைத் தாங்கும்’ என்று அச்சடிக்கிறார்களே, அதைக் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் விழுங்க வேண்டும். கதிர் வரும் நேரத்தில் மழை பொய்த்தால் நான்கு மாதத்துக்கு முன் விதையை ஊறவைத்தது வந்து காப்பாற்றாது. கிடைப்பது தொடக்கத்தில் ஒரு நாளோ, இரண்டு நாளோ முன்னிலை. காய்ந்து இறங்கும் மண்ணோடு வேர் ஓடுகிற அந்தப் பந்தயத்தில் ஒரு நாள் என்பது சின்ன விஷயமில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புழுதி விதைப்பு நெல்லுக்குச் சொல்லும் முறை எளிமையானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு சதவிகிதக் கரைசல். ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல். 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கம்புக்கு இதே உப்பு இரண்டு சதவிகிதம், 16 மணி நேரம். சோளத்துக்கு இரண்டு சதவிகிதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் மட்டும். பயிருக்குப் பயிர் நேரம் மாறுவது, ஒவ்வொரு விதையும் அந்தக் கோட்டை நெருங்கும் வேகம் வேறு என்பதால். உமி மூடிய நெல்லுக்குத் தண்ணீர் உள்ளே போகவே நேரம் பிடிக்கும்.

ஊறவைப்பதைவிடக் காயவைப்பதில்தான் கைத்திறன். பலர் சறுக்குவது இங்கேதான். 16 மணி நேரம் முடிந்ததும் வடிகட்டிச் சாக்கில் அள்ளிவைத்துவிட்டு, ‘மத்தியானம் காயப்போடலாம்’ என்று விடுவார்கள். தண்ணீரிலிருந்து எடுத்ததால் விதையின் கடிகாரம் நிற்பதில்லை. ஈரம் உள்ளே இருக்கும்வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாக்குக்குள் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக ஓடும். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் பாதி விதை வேர் விட்டிருக்கும். கடினப்படுத்தப் போய் மூட்டம் போட்ட கதையாகிவிடும். எடுத்த உடனே மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். சுடுகிற சிமென்ட் களத்தில் உச்சி வெயிலில் கொட்டுவதும் தப்பு. வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உள்ளே விரிசல் விடும், கருவுக்கும் சூடு ஆகாது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி ஏதும் வேண்டாம், தராசு போதும். ஊறவைப்பதற்கு முன் 10 கிலோ இருந்த விதை, காய்ந்து மறுபடி ஏறத்தாழ 10 கிலோவுக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. 11 கிலோவில் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இப்படிச் செய்த விதையை அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்கவும் கூடாது. கடினப்படுத்திய விதையின் ஆயுள் சாதாரண விதையைவிடக் குறைவு. முன்னேறிப் போய் நிற்கிற விதை நெடுநாள் நிற்க முடியாமல் தளர்ந்துவிடும். அந்தப் பருவத்திலேயே மண்ணுக்குப் போய்விட வேண்டும்.

1990-களில் பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவ் ஹாரிஸ், ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேச மலைக்கிராம விவசாயிகளோடு சேர்ந்து இதையே இன்னும் சுலபமாக்கினார். உப்பும் வேண்டாம், பல நாள் காயவைப்பதும் வேண்டாம். மக்காச்சோளத்தையோ மேட்டு நெல்லையோ இரவு முழுக்கச் சும்மாத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் கையில் ஒட்டாத அளவுக்கு மேல் ஈரத்தை மட்டும் ஆற்றி விதைத்துவிடுவது. எவ்வளவு நேரம்வரை ஊறவைத்தால் விதை பின்வாங்க முடியும் என்ற எல்லையை முதலில் கண்டுபிடித்து, அதற்குள் நின்றுகொண்டார்கள். விதைக்கப் போகிற நேரத்தில் தடங்கல் வந்தால் காயவைத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். மண்ணில் ஈரம் இருக்கும்போது விதைக்கிறவர்களுக்கு இது பொருந்தும். காய்ந்த புழுதியில் விதைத்து வாரக்கணக்கில் காத்திருக்கும் ராமநாதபுரத்துக்கு முழுதாகக் காயவைத்த விதைதான் சரி.

இவ்வளவு மலிவான வேலையை ஏன் எல்லோரும் செய்வதில்லை என்று கேட்கலாம். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு 150, 200 கிலோ விதை. அத்தனையையும் ஊறவைக்க அண்டாவுக்கு எங்கே போவது? பரப்பிக் காயவைக்க நிழலான இடம் வேண்டும். இரண்டு மூன்று நாள் கிளறிவிட்டு, கோழியையும் அணிலையும் விரட்டிக்கொண்டு உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவருடைய மூன்று நாளுக்குக் கூலிக் கணக்கு எழுதப்படுவதில்லை என்பதால்தான் புத்தகத்தில் இது ‘செலவில்லாத தொழில்நுட்பம்’ என்று வருகிறது. காயவைக்கும் நாளில் மேகம் மூடிக்கொண்டால் மொத்தமும் முளைத்துவிடும் என்ற பயம் வேறு. விதைக் கிடங்குகளிலேயே செய்து கொடுத்தால் தவிர இது பரவுவது கஷ்டம்.

அடுப்படியிலும் களத்திலும்

நனைத்துக் காயவைப்பது ஒன்றும் பெண்களுக்குப் புதிதில்லை. குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைக்கக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை வந்ததும் காயவைத்து வறுத்து அரைப்பது அதே வேலைதான். வயலில் எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். முளை காய்ந்து செத்துவிடும், அமைலேஸ் நொதி மட்டும் மாவுக்குள் தங்கிவிடும். கஞ்சி சூடேறும்போது அது விழித்துக்கொண்டு மாவை உடைக்கும். அதனால்தான் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி கெட்டிப்படாமல் இளகி நிற்கிறது. அதே கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்துக் கரைக்கலாம். சின்ன வயிற்றுக்கு ஒரே அளவுக் கஞ்சியில் சத்து கூடும். மாவு கருகக் கருக வறுத்தால் நொதியும் போய்விடும். லேசான சூடு போதும்.

இதே நொதி வேண்டாத இடத்தில் விழித்துக்கொள்வது அறுவடைக் காலத்தில். டெல்டாவில் குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வரும் வருஷங்களில், கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் இரண்டு, மூன்று நாளில் முளைத்துக்கொண்டு நிற்கிற படம் பேப்பரில் வரும். கொள்முதலுக்கான வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவிகிதம். அதைத் தாண்டிய நெல்லைத் திருப்பிவிட்டால் விவசாயி மறுபடி காயவைப்பார், மறுபடி மழை வரும். முளைக்காமல் தப்பிய நெல்லுக்கும் இதில் சேதம் உண்டு. நன்றாகக் காய்ந்த மணி திடீரென்று தண்ணீர் இழுக்கும்போது உள்ளே குறுக்கே விரிசல் விடும். வெளியே தெரியாது. மில்லில் அரைக்கும்போது முழு அரிசி குறைந்து நொய் கூடும். அதில் விதைக்கு என்று எடுத்துவைத்தால் பல மணிகள் கோட்டைத் தாண்டிவிட்டவையாக இருக்கும். பார்வைக்கு நல்ல நெல்லாகத் தெரிவதுதான் அதில் மோசம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடை அரிசி முளைக்காது, கரு போய்விட்டிருக்கும். கடைக் கோதுமை பெரும்பாலும் முளைக்கும். இருபது இருபதாக மூன்று பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பங்கை அப்படியே வைத்துவிடலாம். இரண்டாவதை எட்டு மணி நேரம் மட்டும் ஊறவைத்து உடனே நிழலில் காயவைக்க வேண்டும். மூன்றாவதை ஈரத் துணியில் வைத்து, வேர் அரை அங்குலம் நீண்ட பிறகு காயவைக்க வேண்டும். மூன்று நாள் கழித்து மூன்றையும் ஒன்றாக ஈரத் துணியில் வைத்தால், இரண்டாவது பங்கு முதல் பங்கை முந்துவது தெரியும். மூன்றாவது பங்கில் பழைய வேர்கள் பழுப்பாகச் சுருங்கிக் கிடக்கும். சிலவற்றில் மட்டும் அடியிலிருந்து புது வேர் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல விடுமுறை வேலை.

மழைக்கு மறுநாள்

புரட்டாசி மழை பெய்த மறுநாள் காலையில் வரப்பில் நின்று பார்ப்பது போதாது. வயலில் நாலைந்து இடத்தில் களைக்கொத்தால் கிளறி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பத்து விதையை எடுத்துப் பிளந்து பார்க்க வேண்டும். உப்பியிருக்கிறது, வேர் வரவில்லை, மண் காய்ந்துகொண்டிருக்கிறது என்றால் கவலையில்லை. அந்த விதைக்கு ஒத்திகை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வேர் வந்துவிட்டது, கீழே ஈரமும் இருக்கிறது என்றாலும் பாதகமில்லை. வேர் வந்து, விரல் ஆழத்துக்குக் கீழே மண் புழுதியாக இருந்தால்தான் மாற்று ஏற்பாட்டை யோசிக்க வேண்டும். பக்கத்தில் கிணறோ பண்ணைக்குட்டையோ இருந்து ஒரு தெளிப்புக் கொடுக்க முடிந்தால் அந்த மூன்று நாளுக்குள் கொடுப்பதுதான் பலன் தரும். பத்தாம் நாள் கொடுத்தால் செத்த வேருக்குத் தண்ணீர் விட்டது போலத்தான்.

காப்பீடு இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 2016 முதல் நடைமுறையில் இருக்கும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விதைப்புப் பொய்த்தல் என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால், அது தனி ஆளின் வயலைப் பார்க்காது. காப்பீட்டு அலகாக அறிவிக்கப்பட்ட பகுதியில் 75 சதவிகிதத்துக்கு மேல் விதைக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவிகிதம் கொடுத்து அந்தப் பருவத்துக்குக் கணக்கை முடித்துவிடுவார்கள். பக்கத்து வயல்களில் பயிர் எழுந்து, ஒருவருடைய வயலில் மட்டும் விதை காய்ந்து செத்திருந்தால் அந்த நஷ்டம் அவருடையதுதான்.

அதனால்தான் விவரமானவர்கள் முழு விதையையும் ஒரே நாளில் வீசுவதில்லை. மூன்றில் ஒரு பங்கை வீட்டில் நிறுத்திவைப்பார்கள். ஐப்பசி முதல் வாரத்தில் பயிர் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்த இடங்களில் மட்டும் அதைத் தூவி நிரப்புவார்கள். முழு வயலும் போயிருந்தால் நாள் குறைந்த ரகத்துக்கு மாறிவிடுவார்கள். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட அண்ணா ஆர் 4 ரகம் 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வரும். ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தால் தை கடைசிக்குள் கதிர் அறுக்கலாம். கண்மாயில் அதுவரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும்.